எலும்புத் தேய்மானத்தைப் பழங்கள் தடுக்குமா?

மாதவிடாய் நின்ற பின்னர் பெண்களின் உடலில் ஈஸ்ட்ரோஜன் பெருமளவு குறைகிறது. அடுத்த சில ஆண்டுகளில் எலும்புகள் வேகமாக அடர்த்தியை இழக்கின்றன. இடுப்பிலோ முதுகெலும்பிலோ முறிவு ஏற்படும் வரை பலருக்கு இது தெரிவதேயில்லை.

இதனைத் தடுக்க ஹார்மோன் மாத்திரைகள் பரவலாக வழங்கப்பட்டு வந்தன. ஆனால் ஈஸ்ட்ரோஜனையும் புரொஜெஸ்டினையும் சேர்த்து உட்கொண்டோரிடையே மார்பகப் புற்றுநோய் அதிகரித்ததால், அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வொன்று 2002இல் இடையிலேயே நிறுத்தப்பட்டது. உணவால் எலும்பைக் காக்க இயலுமா என்ற கேள்வி அதன் பின்னர் மேலும் முக்கியத்துவம் பெற்றது.

லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2003இல் ஒரு விளக்கத்தை முன்வைத்தனர். சினைப்பை அகற்றப்பட்ட எலிகளின் எலும்பு மஜ்ஜையில், குளூட்டாதையோன் போன்ற ஆக்ஸிஜனேற்றத் தடுப்புப் பொருட்கள் வெகுவாகக் குறைந்திருந்தன. இதனால் எலும்பைக் கரைக்கும் செல்கள் தூண்டப்படுகின்றன என்பது அவர்களின் கருத்து. வைட்டமின் சி செலுத்தியபோது எலும்பு இழப்பு தடுக்கப்பட்டது. சினைப்பை உள்ள எலிகளில் குளூட்டாதையோன் உருவாவதை மருந்தால் தடுத்தபோதோ, எலும்பு குறைந்தது.

எனினும், எலிகள் வைட்டமின் சி-யைத் தம் உடலிலேயே தயாரித்துக்கொள்பவை. மனிதரின் நிலை வேறு.

மனிதரிடம் கிடைத்துள்ள சான்றுகளில் குறிப்பிடத்தக்கது, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம் 2022இல் வெளியிட்ட ஆய்வு. மாதவிடாய் நின்ற 235 பெண்கள் இதில் சேர்க்கப்பட்டனர். ஓராண்டில், பழம் உண்ணாதவர்களின் இடுப்பெலும்பு அடர்த்தி 1.1 சதவீதம் குறைந்தது. நாளொன்றுக்கு 50 கிராம், அதாவது ஐந்தாறு, உலர்ந்த பிளம்ஸ் பழங்களை உண்டவர்களுக்கு 0.3 சதவீதமே குறைந்தது. நாள்தோறும் 100 கிராம் உண்ணுமாறு கேட்கப்பட்டவர்களில் ஏறத்தாழ பத்தில் நால்வர் இடையிலேயே விலகிவிட்டனர். எலும்பு முறிவுகள் குறையுமா என்பதைக் கண்டறியும் அளவுக்கு இது பெரிய ஆய்வு அல்ல. நிதி வழங்கியது கலிஃபோர்னியாவின் பிளம்ஸ் உற்பத்தியாளர் வாரியம் என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

இப்பழத்தில் வைட்டமின் கே, பொட்டாசியம் போன்றவையும் இருப்பதால், பலன் முழுவதையும் ஆக்ஸிஜனேற்றத் தடுப்புப் பொருட்களின் கணக்கில் எழுதிவிட முடியாது. மாத்திரை வடிவில் அவற்றை உட்கொள்வது இதற்கு மாற்றாகாது. அதிக வைட்டமின் இ கொடுக்கப்பட்ட எலிகளில் எலும்பின் அளவு குறைந்ததாக ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012இல் தெரிவித்தனர்.

எலும்புப்புரைக்கு ஏற்கனவே மருந்து உட்கொள்பவர்கள் அதனை நிறுத்திவிட்டுப் பழத்தை நாடுவது ஆபத்தானது. 50 கிராம் உலர்ந்த பிளம்ஸில் ஏறக்குறைய 19 கிராம் சர்க்கரையும் உள்ளது. தெற்காசியர்களிடையே நீரிழிவு மிகுதி என்பதால், மருத்துவரைக் கலந்தாலோசித்த பின்னரே இதனை அன்றாட உணவில் சேர்த்துக்கொள்வது நல்லது.