ஓரத்தில் நிற்கிற அக்காவும் போட்டோவில் வரணும்!



திண்டிவனம் பக்கத்தில் ஒரு குழு. மொத்தம் 12 பேர். குழுப் போட்டோ எடுத்தோம். 5 பேர் பாயில் உட்கார்ந்தார்கள், 7 பேர் பின்னால் நின்றார்கள். போனில் பார்த்தபோது எல்லோரும் இருந்தார்கள். கடையில் பிரிண்ட் போட்டு வந்ததும் பார்த்தால், ஒரு ஓரத்தில் நின்றவருக்குப் பாதி முகம்தான் இருக்கிறது. இன்னொரு ஓரத்து அக்காவுக்குத் தோளும் முந்தானையும் மட்டும்தான். "பதினொரு வருஷமா ஒரு வாரம் தவறாம சேமிப்பு கட்டறேன். போட்டோவுல என் முந்தானைதான் இருக்குது" என்றார் அவர். எங்களுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பிறகுதான் காரணத்தைத் தெரிந்துகொண்டோம்.

படத்தின் வடிவம்

ஒரு படத்தின் நீளத்துக்கும் உயரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. பெரும்பாலான போன் கேமரா முழுசாக எடுப்பது 4:3, அதாவது 4 பங்கு நீளம், 3 பங்கு உயரம். ஸ்கிரீன் நிறைய தெரியட்டும் என்று 16:9 வைத்தால் படம் நீட்டமாக வரும். ஆனால் நாம் பிரிண்ட் போடும் பேப்பர் 6 அங்குல நீளம், 4 அங்குல உயரம். அது பழைய பிலிம் காலத்து அளவு. பிலிமில் ஒரு படம் 36 மில்லிமீட்டர் நீளம், 24 மில்லிமீட்டர் உயரம் இருந்ததால் இந்தப் பேப்பரில் சரியாக உட்கார்ந்தது.

16:9 படத்தை 4 அங்குல உயரத்துக்குப் போட்டால் நீளம் 7 அங்குலத்துக்கு மேல் போகும். பேப்பரோ 6 அங்குலம்தான். அதனால் இரண்டு பக்கமும் அரை அங்குலத்துக்கு மேல் வெட்டுப்படும். வரிசையில் 7 பேர் நின்றால் அரை அங்குலம் என்பது பாதி ஆள்!

4:3 வைத்து எடுத்தால் ஓரம் போகாது. மேலும் கீழும் கொஞ்சம் போகும், அவ்வளவுதான். அதனால் கேமரா செட்டிங்கில் 4:3 வையுங்கள். தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் இடம் விடுங்கள்.

லென்ஸ் செய்கிற வேலை

எல்லோரும் அடங்கவில்லை என்று சிலர் 0.5 அழுத்துகிறார்கள். அது அகன்ற லென்ஸ். அதில் எல்லோரும் வருவார்கள், ஆனால் ஓரத்தில் நிற்பவர் முகம் இழுத்த மாதிரி அகலமாகத் தெரியும். அதற்குப் பதில் 1-லேயே வைத்து நாலு அடி பின்னால் போங்கள். இடம் இல்லையென்றால் வரிசையைப் பிறை போல வளைத்து நிற்க வையுங்கள்.

கிட்டப் போய் எடுத்தாலும் முகம் மாறும். ஒரு அடி தூரத்தில் மூக்கு கேமராவுக்குக் கிட்டேயும் காது தள்ளியும் இருப்பதால் மூக்கு பெருத்துத் தெரியும். 5 அடியில் எடுத்ததைவிட 12 அங்குலத்தில் எடுத்தால் மூக்கு சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரிகிறது என்று 2018-ல் அமெரிக்க மருத்துவர்கள் கணக்குப் போட்டார்கள். செல்ஃபி பார்த்து "நான் இப்படியா இருக்கேன்?" என்று வருத்தப்படாதீங்க. அது தூரம் செய்த வேலை.

செஞ்சிக்கோட்டைக்குப் போனவர்கள் இன்னொன்றும் கவனித்திருப்பீர்கள். ராஜகிரி மலை சுமார் 800 அடி உயரம். ஆனால் தோழியைக் கிட்ட நிற்க வைத்து எடுத்தால் மலை பின்னால் சின்ன மேடு மாதிரி தெரியும். தோழி அங்கேயே நிற்கட்டும். நீங்கள் 20 அடி பின்னால் போய், தோழி முன்பு தெரிந்த அளவுக்கு வரும்வரை ஜூம் செய்யுங்கள். மலை பெரிதாக எழும்பி நிற்கும்.

எதற்கு எப்படி?

• பாஸ்போர்ட் சைஸ் போட்டோ 3.5 சென்டிமீட்டர் அகலம், 4.5 சென்டிமீட்டர் உயரம். போனை நிமிர்த்திப் பிடித்து, 5 அடி தள்ளி, தனியாக எடுங்கள். குழுப் போட்டோவிலிருந்து வெட்டாதீர்கள்.

• ஊறுகாய் பாட்டில், ஓலைக் கூடை போன்ற விற்பனைப் பொருளுக்கு 1:1, அதாவது சதுரம் நல்லது. நின்றபடி மேலிருந்து எடுத்தால் பாட்டிலின் அடி சிறுத்துத் தெரியும். போனைப் பாட்டில் உயரத்துக்கு இறக்கி, 3 அடி தள்ளி, 2 வைத்து எடுங்கள்.

• குழுப் போட்டோவுக்கு 4:3. கடையில் கொடுக்கும்போது "ஓரம் வெட்டாம போடுங்க" என்று சொல்லுங்கள். பேப்பரில் வெள்ளை விளிம்பு வந்தாலும் பரவாயில்லை.

பொதுவாக ஓரத்தில் நிற்பது யார்? கூச்சப்படுகிறவர், புதிதாகச் சேர்ந்தவர், வேலை முடிந்து கடைசியாக ஓடி வருகிறவர். வெட்டுப்படுவதும் அவர்கள்தான். வரவு செலவில் ஒரு ரூபாய் விட்டுப்போனால் நாம் விடுவோமா?

அடுத்த வாரக் கூட்டத்தில் மறுபடி எடுத்தோம். நடுவில் வாங்கக்கா என்று கூப்பிட்டும் அந்த அக்கா அதே ஓரத்தில்தான் நின்றார். இந்த முறை முழுசாக இருக்கிறார்.

உங்கள் குழுப் போட்டோவையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஊக்குநரும் பிரதிநிதிகளும் தலையை எண்ணுங்கள். ஒரு ஆள் குறைந்தால் மறுபடி எடுங்கள்.