பெயரும் திறவுகோலும்

பள்ளியில் வருகைப் பதிவேடு எதற்கு? வந்தவர் யார், வராதவர் யார் என்று ஒரே பார்வையில் அறிவதற்கு. பலர் கூடிப் பயன்படுத்தும் கணிப்பொறிக்கும் அத்தகைய பதிவேடு வேண்டும். அங்கே ஒவ்வொருவரும் சுருக்கமானதொரு பயனர்பெயரால் அறியப்படுகின்றனர். அச்சுருக்கம் பொறிக்குப் போதும். தேடிவரும் மனிதருக்குப் போதாது.

இக்குறையை அமெரிக்காவில், ஸ்டான்ஃபோர்டு செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய லெஸ் எர்னஸ்ட் கண்டார். பொறி காட்டிய பட்டியலின்மீது விரலை ஓட்டி, இவர் இன்னார் என்று உடன் பணிபுரிந்தோர் தேடிக்கொண்டிருந்தனர். 1971-ஆம் ஆண்டில் அவர் ஒரு நிரல் எழுதினார். பயனர்பெயரைக் கொடுத்தால், அது முழுப்பெயரையும், அவர் இறுதியாகப் பணிசெய்த நேரத்தையும் கூறும். விரலை நினைந்து அதற்கு 'ஃபிங்கர்' என்றே பெயரிட்டார். தொலைவிலுள்ள கணிப்பொறியையும் இவ்வாறு வினவுவதற்குரிய நெறிமுறை 1977-இல் எழுத்து வடிவம் பெற்றது.

ஆயினும், நல்லெண்ணத்தோடு திறந்துவைத்த சாளரத்தின் வழியே கள்வனும் நுழையலாம் அன்றோ? 1988 நவம்பர் 2-ஆம் நாள் அதுவே நிகழ்ந்தது. வினாவை ஏற்கும் நிரல் 512 எழுத்துகளுக்கே இடம் ஒதுக்கியிருந்தது. வருவதை அளந்து பார்க்கவில்லை. கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மோரிஸ் ஏவிய 'புழு' என்னும் நிரல் 536 எழுத்துகளை அனுப்பிற்று. ஒதுக்கிய இடம் நிரம்பி வழிந்தது. பொறி அப்புழுவின் கட்டளைக்குப் பணிந்தது. பயனர்பெயரையே கடவுச்சொல்லாக வைத்திருந்தோரின் கணக்குகளிலும் அது புகுந்தது. ஆயிரக்கணக்கான கணிப்பொறிகள் செயல் குன்றின. 1990-இல் நீதிமன்றம் அவரைத் தண்டித்தது.

அதற்காகப் பதிவேட்டையே எரித்துவிட வேண்டுமா? வேண்டியதில்லை. எவ்வளவு செய்தியை வெளியிடலாம் என்பதை நிர்வாகியே வரையறுக்க இயலவேண்டும் என்று 1991-இல் திருத்திய நெறிமுறை கூறிற்று. இன்று பல நிறுவனங்களில், உள்ளே புகுந்து தம்மை இன்னார் என்று மெய்ப்பித்தவருக்கே பெயரேடு விடையளிக்கிறது. அதுவும் வேண்டிய அளவே.

பெயர் பிறர் நம்மை அழைப்பதற்கு. கடவுச்சொல் நாம் கதவைத் திறப்பதற்கு. வாயிற்பலகையில் பெயரை எழுதுவதில் தவறில்லை. திறவுகோலையும் அங்கேயே தொங்கவிடுவதுதான் பிழை. உங்கள் பெயரையோ பிறந்த நாளையோ கடவுச்சொல்லாக வைத்திருப்பீர்களாயின், இன்றே மாற்றிவிடுங்கள்.