உங்களுக்குத் தெரியுமா? சும்மா நின்றாலும் ‘தயார்’தான்!

காரைக்கால் பகுதி திருமலைராயன்பட்டினத்தில் 2000-ஆம் ஆண்டு முதல் இயங்குகிறது, புதுச்சேரி அரசு நிறுவனத்தின் 32.5 மெகாவாட் எரிவாயு மின்நிலையம். இதுபோன்ற மின்நிலையங்களின் கணக்கில் உற்பத்தி வேறு, தயார்நிலை வேறு. கேட்பார் இல்லாமல் நின்றாலும், கேட்டதும் மின்சாரம் தர முடிந்தால் அந்த நேரமும் தயார்நிலையில் சேரும். நியாயமான கணக்கு!

ஆனால் கணினி சர்வர் எவ்வளவு நேரம் தயாராக இருந்தது என்று பார்க்கும் கண்காணிப்பில்தான் ஏமாறுவது அதிகம். மென்பொருள் 5 நிமிடத்துக்கு ஒருமுறை மட்டும் சோதித்தால், நடுவே 3 நிமிடம் படுத்து எழுந்த சர்வர் ‘நிற்கவே இல்லை’ என்று பதிவாகிவிடும். நேர்மாறாகவும் நடக்கும். வலையமைப்புக் கருவிகளைக் கண்காணிக்கும் எஸ்என்எம்பி முறையின் இயக்க நேர எண்ணி, நொடியில் நூறில் ஒரு பங்காக எண்ணும் 32 பிட் எண்ணி. 497 நாள் தாண்டினால் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். ஓடிக்கொண்டே இருக்கும் சர்வர் இப்போதுதான் ரீஸ்டார்ட் ஆனதுபோல் தெரியும்.