கண்ணாடித் தொட்டியிற் காணா நஞ்சு

கடல்மட்டத்துக்கு 6,000 அடிக்கு மேலுள்ள கந்தப்பளையில் மீன் வளர்க்கும் இல்லத்தாருக்கு ஒன்று கூற விழைகிறோம். தெளிந்த நீரிலும் மீன்கள் மேலெழுந்து மூச்சுத் திணறி மடிவதுண்டு. பெரும்பாலும் அமோனியாவே காரணம். மீனின் செவுள்களிலிருந்தும் மிஞ்சிய இரை அழுகுவதாலும் அது உண்டாகிறது. அதனை நைத்திரைற்றாகவும், பின்னர் தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியாக்களை 1890ஆம் ஆண்டளவில் ருஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கி பிரித்தெடுத்தார். புதுத் தொட்டியில் இவை பெருகப் பல வாரங்கள் செல்லும். மலைக்குளிரில் மேலும் தாமதமாகும்.

ஆதலால் ஓரிரு மீன்களுடன் தொடங்குவோம். தீங்கு நேர்ந்தால் இரையை நிறுத்தி, பாதி நீரை மாற்றுவோம். புதுநீர் குளோரீன் நீங்கியதாயும் அதே வெப்பநிலையினதாயும் இருத்தல் வேண்டும். வடிகட்டிப் பஞ்சைத் தொட்டி நீரிலேயே அலசுவோம். குழாய்நீரின் குளோரீன் பற்றீரியாவைக் கொல்லும். பற்றீரியா பிழைத்தால் மீனும் பிழைக்கும்.