46 டாலரில் திறக்கும் வாசல்

காஸ்ட்கோ நிறுவனத்தை 1983-இல் ஜெஃப்ரி ப்ராட்மனோடு சேர்ந்து தொடங்கிய ஜிம் சினெகல், சான் டியகோ சிட்டி காலேஜ் என்ற இரண்டாண்டுக் கம்யூனிட்டி காலேஜில் படித்தவர். அங்கே மாணவராக இருந்தபோதே, 1954-இல், ஃபெட்மார்ட் கடையில் மெத்தை இறக்கும் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு சான் டியகோ ஸ்டேட்டில் படிப்பைத் தொடர்ந்தார்.

அவர் போன வழி கலிஃபோர்னியாவில் இன்றும் திறந்தே கிடக்கிறது. ஆனால் கூப்பர்டினோ, ஃப்ரீமான்ட் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில், "பையன் எங்கே சேர்ந்திருக்கான்?" என்று கேட்டால் "டி ஆன்சா" என்ற கம்யூனிட்டி காலேஜின் பெயர் தாழ்ந்த குரலில்தான் வருகிறது. பெர்க்லி பல்கலைக்கழகம் கிடைக்காதவர்கள் போகும் இடம் என்ற நினைப்பு. இந்தக் கூச்சம் எனக்கு வருத்தம் தருகிறது. இரண்டாண்டு கழித்து அதே பையன் பெர்க்லிக்குப் போகலாம். பட்டச் சான்றிதழில் பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டுமே இருக்கும்.

இந்த ஏற்பாடு பழையது. சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பரின் ஆதரவோடு 1901-இல் இல்லினாய் மாநிலத்தில் ஜோலியட் ஜூனியர் காலேஜ் என்ற இரண்டாண்டுக் கல்லூரி தொடங்கியது. கலிஃபோர்னியா 1960-இல் உயர்கல்விக்கென்றே ஒரு பெருந்திட்டம் வகுத்தது. மதிப்பெண்ணில் முன்னே நிற்பவர்களுக்கு யு.சி. எனப்படும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், அடுத்த நிலையினருக்கு கலிஃபோர்னியா ஸ்டேட் பல்கலைக்கழகம், படிக்க விரும்பும் எல்லோருக்கும் கம்யூனிட்டி காலேஜ். அங்கே நன்றாகப் படித்தால் மேலே ஏற வழி. அந்தக் கடைசி வரிதான் திட்டத்தின் உயிர்.

கம்யூனிட்டி காலேஜில், மாநிலத்தில் வசிப்பவருக்கு ஒரு யூனிட்டுக்கு, அதாவது பாடங்களை எடைபோடும் அளவுக்கு, 46 டாலர். ஆண்டுக்கு 30 யூனிட் எடுத்தால் 1,380 டாலர். யு.சி.யில் கல்விக் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 14,000 டாலருக்கும் மேல். முதல் முறையாக முழுநேரம் சேரும் மாணவர் பலருக்கு அந்த 46 டாலரும் தள்ளுபடியாகிறது. வெளிநாட்டிலிருந்து விசாவில் வருபவருக்கு இந்தச் சலுகை கிடையாது. யூனிட்டுக்குப் பல மடங்கு கட்ட வேண்டும். சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ நேராகப் போக நினைப்பவர்கள் இதை முதலிலேயே கணக்கில் கொள்ள வேண்டும்.

பிஸினஸ் பட்டத்துக்கு இந்த வழி பொருந்துவதற்குக் காரணம் அதன் அமைப்பு. முதல் இரண்டாண்டுப் பாடங்கள் எங்கே படித்தாலும் ஏறக்குறைய ஒன்றுதான்: நிதிக் கணக்கியல், மேலாண்மைக் கணக்கியல், நுண்பொருளியல், பேரியல் பொருளியல், புள்ளியியல், கால்குலஸ், ஆங்கிலம். நிதி மேலாண்மையும் மார்க்கெட்டிங்கும் மூன்றாம் ஆண்டில்தான் சூடுபிடிக்கின்றன.

வழுக்கலும் இங்கேதான். பிஸினஸ் படிக்க வந்த மாணவர் முதல் பருவத்திலேயே மார்க்கெட்டிங் அறிமுகம், சிறுதொழில் நிர்வாகம் என்று ஆசையாக எடுத்துவிடுகிறார். கணக்கைத் தள்ளிப்போடுகிறார். பல்கலைக்கழகமோ மார்க்கெட்டிங்கை மூன்றாம் ஆண்டில் தானே நடத்துகிறது. முன்பு படித்தது வெறும் விருப்பப்பாட யூனிட்டாக ஒதுங்கிவிடும். நிதிக் கணக்கியல் முடித்தால்தான் மேலாண்மைக் கணக்கியல். கால்குலஸிலும் கவனம் வேண்டும்: சில இடங்கள் பிஸினஸ் கால்குலஸை ஏற்கும், சில இடங்கள் அறிவியல் மாணவர் படிக்கும் கால்குலஸையே கேட்கும். யு.சி.யின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகமான யு.சி.எல்.ஏ.வில் இளங்கலையில் பிஸினஸ் நிர்வாகம் என்ற பாடப்பிரிவே இல்லை, பிஸினஸ் எகனாமிக்ஸ்தான். சான் ஹோசே ஸ்டேட்டை மனத்தில் வைத்துப் படித்தவர் கடைசி நேரத்தில் யு.சி.எல்.ஏ. பக்கம் திரும்பினால் ஒரு வருடம் கூடுதலாகப் போகும்.

படித்த யூனிட் இப்படி வீணாவது நாடு முழுக்க நடக்கிறது. கல்லூரி மாறிய மாணவர்கள் சராசரியாக 43 சதவீதக் கிரெடிட்டை இழந்தார்கள் என்று அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ. 2017-இல் மதிப்பிட்டது. கம்யூனிட்டி காலேஜில் சேர்பவர்களில் சுமார் 80 சதவீதம் பேர் இளங்கலைப் பட்டம் வேண்டும் என்றே வருகிறார்கள். ஆறு ஆண்டில் அதை அடைபவர்கள் 16 சதவீதம். கடையில் வேலை, வீட்டில் தம்பி தங்கை, இரவில் வகுப்பு என்று ஓடும் பிள்ளையின் தலையில் பாட விதிகளை ஒப்பிட்டுப் பார்க்கும் பாரத்தையும் ஏற்றிவிட்டு, தேறவில்லை என்று அவரையே குறை சொல்வது நியாயமில்லை.

கலிஃபோர்னியா இதில் கொஞ்சம் திருந்தியிருக்கிறது. 2010-இல் வந்த எஸ்.பி. 1440 சட்டம், பல்கலைக்கழகத்துக்கு மாறுவதற்கென்றே 60 யூனிட் பட்டத்தை உருவாக்கியது. அதை முடித்தவருக்கு ஸ்டேட் பல்கலைக்கழக அமைப்பில் இடம் உறுதி. மேலும் 60 யூனிட்டில் இளங்கலை. எந்த வளாகம் என்பது மட்டும் உறுதியில்லை. யு.சி.யில் டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள் 'டேக்' என்ற உறுதி ஒப்பந்தம் தருகின்றன. பெர்க்லியும் லாஸ் ஏஞ்சலஸும் சான் டியகோவும் தருவதில்லை. தரும் இடங்களிலும் எல்லாப் பாடப்பிரிவுக்கும் கிடையாது. எந்தக் கல்லூரியின் எந்தப் பாடம் எங்கே செல்லும் என்பதை 'அசிஸ்ட்' என்ற இணையதளம் பாடவாரியாகக் காட்டுகிறது. கல்லூரியின் ஆலோசகரைச் சந்திக்கும் முன் அதைப் பார்த்துவிட்டுப் போனால், கிடைக்கும் சில நிமிடங்களில் உருப்படியான கேள்வி கேட்கலாம்.

இரண்டு வருடம் இருக்கிறதே என்று நிதானமாக இருந்துவிடக் கூடாது. 'டேக்' விண்ணப்பம் செப்டம்பர் 1 முதல் 30 வரை. சேர்வது அடுத்த ஆண்டின் இலையுதிர் பருவத்தில். இரண்டாம் ஆண்டு வகுப்பு தொடங்கிய சூட்டிலேயே விண்ணப்பம் போக வேண்டும். அப்போது கையில் இருப்பது முதல் ஆண்டின் மதிப்பெண் மட்டுமே. கால்குலஸும் நிதிக் கணக்கியலும் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டுமானால், சேர்ந்த முதல் ஆண்டிலேயே எடுத்திருக்க வேண்டும்.