பூட்டிய அறையில் கொலை! செய்தது பேயா?

உள்பக்கம் தாழ்ப்பாள் போட்ட அறை. காலையில் கதவை உடைத்தால் ஆள் பிணமாகக் கிடக்கிறார். காயமே இல்லை. "பேய் அடிச்சிருச்சு"ன்னு ஊரே சொல்லும். துப்புத் துலக்கினால் கொலையாளி வேறு!

1912-ல் அமெரிக்காவில் ஒரு குடும்பம் பழைய வீட்டுக்குக் குடி போனது. ராத்திரியில் காலடிச் சத்தம் கேட்டது. கறுப்பு உடையில் ஒரு பெண் தெரிந்தாள். பிள்ளைகள் வெளுத்துப் போனார்கள். கடைசியில் பார்த்தால், வீட்டைச் சூடாக்கும் உலை பழுது! புகை வெளியே போகாமல் அறைக்குள் வந்திருக்கிறது. உலையைச் சரிசெய்ததும் 'பேய்' ஓடிப் போச்சு! வில்மர் என்ற கண் மருத்துவர் 1921-ல் இதை மருத்துவ இதழில் எழுதினார்.

குற்றவாளி யார் தெரியுமா? கார்பன் மோனாக்சைடு. கரி, விறகு போதிய காற்று இல்லாமல் எரிந்தால் இந்த வாயு வரும். நிறம் இல்லை, வாசனை இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, மயக்கம். அப்புறம் தூக்கத்திலேயே உயிர் போகும்.

நம்ம பக்கத்து மலையிலும் நடந்தது. 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில், கரி அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கிய 2 வாலிபர்கள் இறந்தார்கள்.

மேகமலையிலும் கம்பத்திலும் மார்கழிக் குளிருக்குச் சட்டியில் கங்கு அள்ளி வைத்து, கதவைச் சாத்திப் படுக்காதீங்க. புகை இல்லாத கங்கிலும் இந்த வாயு வரும். தூங்கும் முன்னே சட்டியை வெளியே வச்சிடுங்க. யாராவது மயங்கிக் கிடந்தால் மந்திரிக்க ஓடாதீங்க. கதவு, ஜன்னலைத் திறந்து, ஆளை வெளிக்காற்றுக்குத் தூக்கி வந்து, உடனே 108-க்குக் கூப்பிடுங்க!

- 9-ஆம் வகுப்பு மாணவி