மறதிக்கு மாத்திரைதான் காரணமா?

தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் மீன் ஏலம் விடுகிறவருக்கு நாக்குதான் முதல். மீனின் பெயர், கேட்ட விலை, கேட்ட ஆள் மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டே அடுத்த தொகையைக் கூவ வேண்டும். அவர் வலிப்புக்காக டோபிரமேட் மாத்திரை சாப்பிட ஆரம்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சில வாரங்களில் நெய்மீன் கண்ணெதிரே கிடக்கும். பெயர் மட்டும் வாயில் வராது. பார்ப்பவர்கள் வயதாகிவிட்டது என்பார்கள். அவரோ நோய் முற்றிவிட்டது என்று பயப்படுவார். சட்டைப் பையில் இருக்கும் மாத்திரை அட்டையை யாரும் சந்தேகிப்பதில்லை. வார்த்தை தட்டுவது டோபிரமேட்டின் நன்கு அறியப்பட்ட பக்கவிளைவு.

நோயும் மறக்கடிக்கும்

எல்லாப் பழியையும் மருந்தின் தலையில் போடவும் முடியாது. பெரியவர்களுக்கு வரும் வலிப்புகளில் பல, காதை ஒட்டி மூளையின் பக்கவாட்டில் இருக்கும் பொட்டு மடலில் தொடங்குகின்றன. புதிய நினைவுகளைப் பதிய வைக்கும் ஹிப்போகேம்பஸ் அங்கேதான் இருக்கிறது. அந்த இடத்தில் தழும்பு விழுந்திருந்தால், ஒரு மாத்திரைகூடச் சாப்பிடாதவருக்கும் மறதி வரும். மனச்சோர்வும் தூக்கக்கேடும் சேர்ந்தால் இன்னும் மோசம். வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கித் தொழில் செய்கிறவர்கள் நிறைந்த கரை தேங்காய்ப்பட்டணம். தூக்கம் கெடுவதும் மாத்திரை தவறுவதும் அங்கே சாதாரணம். இரண்டுமே வலிப்பைத் தூண்டும். வலிப்பு கட்டுப்படாதவர் வள்ளத்தில் போகவே கூடாது என்பது வேறு விஷயம்.

மறதி எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்க்கச் சோதனைகள் உண்டு. மார்த்தாண்டம், களியக்காவிளை வழியாகப் போனால் எட்டிவிடும் திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தில் 1995 முதல் வலிப்புக்கான மூளை அறுவை சிகிச்சை நடக்கிறது. இத்தகைய அறுவைக்கு முன் நோயாளியின் நினைவாற்றலை அளந்து பார்ப்பது கட்டாயம். ஒரு சிறு கதையைச் சொல்லி, அரைமணி நேரம் கழித்து அதைத் திரும்பச் சொல்லச் சொல்வதும் அதில் ஒன்று.

எந்த மாத்திரை, எவ்வளவு?

பீனோபார்பிட்டோன் 1912-இல் வலிப்புக்குப் பயன்பட ஆரம்பித்தது. இன்றும் மிக மலிவான மருந்து அதுதான். மந்தத்துக்குப் பேர்போனதும் அதுவே. காய்ச்சலில் வலிப்பு வந்த குழந்தைகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்று 1990-இல் வெளியானது. இரண்டு ஆண்டு சாப்பிட்ட பிறகு, வெற்று மாத்திரை சாப்பிட்ட குழந்தைகளைவிட இவர்களின் அறிவுத்திறன் மதிப்பெண் சராசரியாக 8.4 புள்ளி குறைந்திருந்தது. ஆனால் மேற்கு வங்கக் கிராமங்களில் நடந்து 1998-இல் வெளியான ஆய்வில், பீனோபார்பிட்டோன் சாப்பிட்ட குழந்தைகளிடம் பெனிட்டாயின் சாப்பிட்டவர்களைவிட நடத்தைக் கோளாறு கூடுதலாகத் தெரியவில்லை. கையில் காசில்லாத குடும்பத்துக்கு வலிப்பை நிறுத்தும் மருந்தை, பழையது என்பதற்காகவே ஒதுக்குவது நியாயமில்லை.

1938-இல் வந்த பெனிட்டாயினுக்கு ஒரு கள்ளத்தனம் உண்டு. ஓர் அளவுக்கு மேல் கல்லீரலால் அதைச் சிதைக்க முடியாது. அரை மாத்திரை கூட்டினாலே ரத்தத்தில் அதன் அளவு மளமளவென்று ஏறிவிடும். நடை தள்ளாடும், பேச்சு குழறும், எதைக் கேட்டாலும் தாமதமாகப் பதில் வரும். குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று ஊர் முடிவு கட்டிவிடும். ஒரு ரத்தப் பரிசோதனை உண்மையைச் சொல்லிவிடும்.

லாமோட்ரிஜின் சிந்தனையை அவ்வளவாகத் தொடுவதில்லை. ஆனால் தோலில் தடிப்பு வரும் அபாயம் உண்டு என்பதால் மெல்ல மெல்லத்தான் அளவைக் கூட்டுவார்கள். லெவிடிரசிட்டம் நினைவைப் பெரிதாகக் கெடுக்காது, ஆனால் சிலருக்கு மூக்கு நுனியில் கோபம் வந்து உட்கார்ந்துகொள்ளும். எந்த மருந்தானாலும் அளவு கூடக்கூட, இரண்டு மூன்று சேரச்சேர, மந்தமும் கூடும்.

தாய் விழுங்குவது பிள்ளைக்கும்

மிகவும் கவலை தருவது வால்ப்ரோயேட். கருவுற்ற காலத்தில் வலிப்பு மருந்து சாப்பிட்ட அமெரிக்க, பிரிட்டன் தாய்மாரின் பிள்ளைகளை ஆறு வயதில் சோதித்து 2013-இல் முடிவு வெளியிட்டார்கள். லாமோட்ரிஜின் குழந்தைகளின் சராசரி அறிவுத்திறன் மதிப்பெண் 108; வால்ப்ரோயேட் குழந்தைகளுடையது 97. ஸ்ரீ சித்திரையில் 1998 முதல் இயங்கும் கேரள வலிப்பு மற்றும் கர்ப்பப் பதிவேட்டிலும், பல மருந்துகளைச் சேர்த்துச் சாப்பிட்ட தாய்மாரின் குழந்தைகளிடம் வளர்ச்சி பின்தங்கியது தெரிந்தது.

இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பு ஒரு தடையாக இருந்தது 1999-இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் எந்த மதத்துக் குடும்பமானாலும் பெண்ணின் நோயை மறைத்துக் கல்யாணம் செய்துவைப்பது நின்றபாடில்லை. ஒளித்துச் சாப்பிடும் மாத்திரையைப் பற்றிக் கர்ப்பத்துக்கு முன்பே டாக்டரிடம் எப்படிக் கேட்க முடியும்? கேட்டால் மருந்தை மாற்றலாம், அளவைக் குறைக்கலாம், ஃபோலிக் அமில மாத்திரையை முன்கூட்டியே தொடங்கலாம்.

நீங்களே நிறுத்தாதீர்கள்

மறதி வந்துவிட்டதென்று மாத்திரையைத் திடீரென நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து. ஓயாமல் தொடரும் வலிப்பில் உயிரே போகலாம். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால், கையில் திணிக்கச் சாவிக்கொத்தைத் தேடாமல் 108-ஐ அழையுங்கள். புற நோயாளிகள் கூட்டத்தில் டாக்டர் "வலிப்பு வந்ததா?" என்று மட்டும் கேட்கக்கூடும். மறதியை நீங்கள்தான் சொல்ல வேண்டும். எந்த மாதம் எந்த மாத்திரை கூட்டியபின் தொடங்கியது, கணக்கு தவறுகிறதா, பெயர் மறக்கிறதா, பள்ளியில் மதிப்பெண் குறைந்ததா என்று ஒரு தாளில் எழுதி, சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளோடும் எடுத்துச் செல்லுங்கள். கூடவே, வீட்டில் உங்களைத் தினமும் பார்க்கிற ஒருவரையும் அழைத்துப் போங்கள்.